ஆட்டோபைலட்டுக்குப் பெயர் வைத்தவனைப் பிடியுங்கள்!

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. காலை 11.48 மணிக்கு கோவை சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஓர் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் கிளம்பியது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா ராவத் உட்பட உள்ளே 14 பேர். குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும். 12.15க்கு இறங்குவதாக ஏற்பாடு. 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு அறுந்தது. காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரம் என்ற சின்ன ஊருக்கு அருகே, டீ தோட்டங்களை ஒட்டிய மரங்களுக்கு நடுவே அது விழுந்து எரிந்தது. ஊர்க்காரர்கள்தான் முதலில் ஓடினார்கள். 13 பேர் அன்றே போய்விட்டார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் மட்டும் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரு மருத்துவமனையில் இறந்தார்.

அன்று சாயங்காலமே டிவி விவாதங்களிலும் டீக்கடைகளிலும் ஒரு கேள்வி கிளம்பிவிட்டது. "அவ்வளவு நவீனமான ஹெலிகாப்டராமே... அதில் ஆட்டோபைலட் இருக்குமே... அதைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா?"

மூன்று வருடம் கழித்து, 2024 டிசம்பரில், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை ஒன்று வந்தது. அதில் 2017 முதல் 2022 வரையிலான விமானப்படை விபத்துகளுக்கு ஒரு பட்டியல். மொத்தம் 34. அதில் இந்த விபத்துக்கு நேராக, காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: மனிதத் தவறு (விமானக் குழு).

மேலே உள்ள கேள்வியையும் கீழே உள்ள பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு அறிகுறிகள். மெஷினைப் பற்றி மிகையான நம்பிக்கை ஒரு பக்கம். மனிதன் மேல் சுலபமான பழி இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில், உண்மையில் பதில் சொல்ல வேண்டியவை எல்லாம் நைசாகத் தப்பித்துப் போய்விடுகின்றன.

பெயரில் தொடங்கிய கோளாறு

ஆட்டோபைலட். தானியங்கி விமானி. கேட்கும்போதே என்ன தோன்றுகிறது? காக்பிட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூன்றாவது ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு எல்லாம் தெரியும், பைலட்டுக்குத் தூக்கம் வந்தால் அவன் பார்த்துக்கொள்வான்! சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஒரு பட்டனை அழுத்தியவுடன் பைலட் எழுந்து போய்க் காபி குடிக்கிறார்.

நம் ஊரில் ஒரு பழைய சேதி உண்டு. சந்தை முடிந்து இரவில் திரும்பும்போது வண்டிக்காரர் தூங்கிப் போனாலும் மாடுகள் வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்பார்கள். அது நிஜமான ஆட்டோபைலட்! ஏனென்றால் மாட்டுக்குக் கண் இருக்கிறது. வழி தெரியும். பள்ளம் தெரியும். எதிரே பாறை கிடந்தால் மோதாது, நின்றுவிடும். எவ்வளவு சவுக்கடி கொடுத்தாலும் கிணற்றில் போய் விழாது.

விமானத்தில் இருக்கும் ஆட்டோபைலட்டுக்கு இதில் ஒன்று கூடக் கிடையாது. அதற்குக் கண் இல்லை. எதிரே மலை இருப்பது அதற்குத் தெரியாது. மலை என்றால் என்னவென்றே தெரியாது. அறிவில் அது மாட்டை விடக் கீழே. மேல்நிலைத் தொட்டியில் வைக்கும் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் இருக்கிறதே, அதன் பெரிய அண்ணன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தச் சுவிட்ச் என்ன செய்கிறது? தண்ணீர் இந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். மட்டம் குறைந்தால் மோட்டாரைப் போடும். நிறைந்தால் நிறுத்தும். கீழே சம்ப்பில் சாக்கடை கலந்திருந்தாலும் அதையும் ஒழுங்காக, துல்லியமாக, மட்டம் தவறாமல் மேலே ஏற்றிவிடும். அதன் மேல் குற்றம் சொல்ல முடியுமா? அதற்குச் சொன்னது மட்டம். சுத்தம் அல்ல.

ஆட்டோபைலட்டும் இதே கணக்குதான். மூன்று வேலை. ஒன்று, அளப்பது: மூக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தத் திசை என்பதையெல்லாம் ஜைரோஸ்கோப்புகள் சொல்லும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் தெரியும். பிட்டோ குழாய் என்ற சின்னக் குழாயில் வந்து மோதும் காற்றை வைத்து வேகம் தெரியும். இரண்டு, ஒப்பிடுவது: பைலட் கேட்டது 3,000 மீட்டர், இப்போது இருப்பது 2,980, ஆக 20 குறைகிறது. மூன்று, திருத்துவது: அந்த 20 மீட்டரைச் சரிக்கட்ட எவ்வளவு அசைக்க வேண்டுமோ அவ்வளவு, சின்ன மோட்டார்களைக் கொண்டு கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைக்கும். மறுபடி அள, ஒப்பிடு, திருத்து. ஒரு நொடிக்குள் பல தடவை. சலிக்காமல், கொட்டாவி விடாமல்.

இது சாதாரணக் காரியம் இல்லை. நீண்ட பயணத்தில் மணிக்கணக்காக மனிதக் கை இந்தத் துல்லியத்தைக் காப்பாற்றவே முடியாது. ஆட்டோபைலட்டை இறக்கிப் பேசுவது இங்கே நோக்கமல்ல. அது ஒரு அருமையான வேலைக்காரன். ஆனால் எங்கே போவது, போகலாமா, திரும்பலாமா என்ற கேள்விகள் அதன் இலாகாவிலேயே வராது. வேலைக்காரனுக்கு முதலாளி என்று பெயர் வைத்ததுதான் பிரச்சினை.

பாரிஸில் கைதட்டு, கால்வாயில் மரணம்

இந்த மயக்கம் நேற்று வந்ததில்லை. 1914 ஜூன் 18. பாரிஸ் பக்கம் சீன் நதி. லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர், அப்பாவின் ஜைரோஸ்கோப் வித்தையை ஒரு பறக்கும் படகில் பொருத்திக்கொண்டு வந்தார். கூட்டத்துக்கு முன்னால் தாழப் பறந்து, இரண்டு கைகளையும் விட்டுவிட்டுத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். கூட வந்த மெக்கானிக் எமில் காஷான் இறக்கையின் மேல் ஏறி நடந்தார். ஒரு பக்கம் பாரம் கூடியும் விமானம் கவிழவில்லை. ஜைரோ தானாகவே சரிசெய்துகொண்டது. கூட்டம் ஆரவாரித்தது. முதல் பரிசும் கிடைத்தது. ஆட்டோபைலட் என்ற கதை உலகத்துக்குத் தெரிந்தது அன்றுதான்.

கதையின் மீதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அதே லாரன்ஸ் ஸ்பெர்ரி 1923 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்திலிருந்து பிரான்ஸுக்குத் தன் சின்ன விமானத்தில் கிளம்பினார். பனிமூட்டம். அவர் போய்ச் சேரவேயில்லை. அடுத்த மாதம் ஆங்கிலக் கால்வாயில் உடல்தான் கிடைத்தது. உலகத்துக்கு ஆட்டோபைலட்டைக் காட்டிய மனிதர் பனிமூட்டத்தில் பறக்கப் போய் இறந்தார்! இந்தத் தொழிலில் யார் பெரியவர் என்பதை அன்றே பனி சொல்லிவிட்டது.

சொன்னதைச் செய்யும், அதுதான் பயமே

"அதெல்லாம் அந்தக் காலம். இப்போது கம்ப்யூட்டர் இருக்கிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் வந்த பிறகு நடந்த இரண்டு விபத்துகளைப் பார்க்கலாம்.

1995 டிசம்பர் 20. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, கொலம்பியாவின் காலி நகரத்துக்குப் போகிறது. இரவு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் நீண்ட பள்ளத்தாக்கு. ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரில் 'ஆர்' என்ற எழுத்தைத் தட்டிப் பட்டியலில் முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் கணக்கில் 'ஆர்' என்றால் ரோசோ இல்லை, போகோட்டா பக்கம் இருந்த ரோமியோ என்ற வேறொரு நிலையம். ஆட்டோபைலட் என்ன செய்தது? கீழ்ப்படிந்தது. இரவில் விமானத்தை அழகாக இடது பக்கம் திருப்பி மலையை நோக்கிக் கொண்டு போனது. "ஏம்பா, அந்தப் பக்கம் மலையாச்சே?" என்று கேட்க அதற்கு வாயும் இல்லை, கேட்கத் தோன்றவும் தோன்றாது. பைலட்டுகள் விழித்துக்கொண்டு மேலே இழுப்பதற்குள் நேரம் போய்விட்டது. 159 பேர் செத்தார்கள். நான்கு பேர் பிழைத்தார்கள்.

2009 ஜூன் 1. ஏர் பிரான்ஸ் 447, அட்லாண்டிக் கடலுக்கு மேல். பிட்டோ குழாய்களைப் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. வேகம் எவ்வளவு என்று ஆட்டோபைலட்டுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அது என்ன செய்யும்? விலகிவிடும். "இனி உன் பாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நடுராத்திரி, மேகம், குழப்பமான கருவிகள். அதுவரை அது பார்த்துக்கொண்டிருந்ததை மனிதர்கள் கையில் திடீரென்று திணித்துவிட்டது. நாலரை நிமிடத்துக்குள் விமானம் கடலில். 228 பேர்.

முதல் கதையில் ஆட்டோபைலட் விசுவாசமாக வேலை செய்தது. இரண்டாவது கதையில் கடினமான நேரம் வந்ததும் கழன்றுகொண்டது. இரண்டிலும் அது "பழுதாகவில்லை". வடிவமைத்தபடியேதான் நடந்துகொண்டது. மேகத்துக்குள், மலைக்கு நடுவில் நம்மைக் காப்பாற்றும் என்று இந்தச் சாமியைத்தான் நம்பச் சொல்கிறார்கள்!

ஹெலிகாப்டர் வேறு ஜாதி

மேலே சொன்னவை பெரிய விமானங்கள். ஹெலிகாப்டர் கதை இன்னும் சிக்கல்.

நன்றாக வடிவமைத்த விமானத்தை நேராக்கிவிட்டுக் கையை எடுத்தால், அது கொஞ்ச நேரம் தன் போக்கில் நேராகப் போகும். ஹெலிகாப்டர் அப்படி இல்லை. ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் அந்தச் சாய்வு கூடிக்கொண்டே போகும். விரல் நுனியில் நிறுத்திய துடைப்பக்குச்சி மாதிரி. அதனால் ஹெலிகாப்டரில் இருக்கும் ஆட்டோபைலட்டின் முதல் வேலை பயணம் செய்விப்பது அல்ல, ஆட்டத்தை அடக்குவது. எம்ஐ-17 குடும்பத்து ஆட்டோபைலட் நான்கு விஷயங்களைக் கவனிக்கிறது: மூக்கு ஏற்ற இறக்கம், பக்கவாட்டுச் சாய்வு, திசை, உயரம். பைலட் கை வைத்தால் அது வழிவிட்டுவிடும். வழிவிடவும் வேண்டும்.

வி5 ரகம் பழைய எம்ஐ-8 இல்லை. 2008ல் 80 ஹெலிகாப்டர்களுக்கு ரஷ்யாவுடன் ஒப்பந்தம் போட்டு, 2012 பிப்ரவரியில் விமானப்படையில் சேர்த்தார்கள். பிறகு எண்ணிக்கை இன்னும் கூடியது. வானிலை ரேடார், புதிய ஆட்டோபைலட், கண்ணாடித் திரைக் கருவிகள் எல்லாம் உண்டு. "அப்படியானால்?" என்பவர்களுக்குச் சில கணக்குகள்.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரம். நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் நிற்கிறது. ஆட்டோபைலட்டிடம் "1,500 மீட்டரில் போ" என்றால் போகும். 1,500 மீட்டர் என்பது கடலிலிருந்து, மலைச்சரிவிலிருந்து அல்ல. உயரம் ஒரு மீட்டர் கூடத் தப்பாமல் மலைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ரேடியோ ஆல்டிமீட்டர் தரையிலிருந்து உயரத்தைச் சொல்லுமே என்றால், சொல்லும். ஆனால் அது பார்ப்பது கீழே, எதிரே அல்ல. வானிலை ரேடாருக்கு மழைத்துளி நன்றாகத் தெரியும். பள்ளத்தாக்கை அடைக்கும் வெண்மூட்டத்தின் பொடித்துளிகள் சரியாகத் தெரியாது. நிலப்பரப்பைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு "மலை, மலை" என்று எச்சரிக்கும் கருவிகள் உண்டு. ஆனால் எப்போதும் தரையை ஒட்டியே பறக்கும் ஹெலிகாப்டரில் அவை தேவையில்லாமலும் கத்தும். தினம் பத்து தடவை பொய்யாகக் கத்தும் நாயை எத்தனை நாள் மதிப்பார்கள்?

பெரிய விமானங்கள் அடர்பனியிலும் தாமாகவே இறங்குகின்றனவே என்பதும் உண்மைதான். ஆனால் அது விமானத்தின் மகிமை மட்டும் இல்லை. ஓடுபாதையில் பொருத்திய கருவிகள் அனுப்பும் ரேடியோக் கற்றையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறது. தரையில் இருந்து ஒருவன் கயிறு நீட்டுகிறான், மேலே இருப்பவன் பிடித்துக்கொண்டு இறங்குகிறான். மைதானத்தில் வட்டம் போட்டு நடுவில் ஒரு எழுத்து எழுதிய ஹெலிபேடில் யார் கயிறு நீட்டுவது?

குன்னூரில் மேகம் எப்படி வரும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை காலத்தில் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் ஏறும். ஏற ஏறக் குளிரும். குளிர்ந்தால் மேகம். கீழே இருந்து பார்ப்பவனுக்கு மலை உச்சியில் மேகம், மேலே நிற்பவனுக்கு அது பனிமூட்டம். இரண்டும் ஒன்றுதான். ஐந்து நிமிடத்துக்கு முன் தெரிந்த டீ தோட்டம் இப்போது இல்லை. பர்லியாறு தாண்டி மேலே வரும் பஸ் டிரைவர் என்ன செய்வார்? லைட்டைப் போடுவார், ஹாரன் அடிப்பார், வேகத்தைக் குறைப்பார், முடியாவிட்டால் ஓரம் கட்டுவார். ஓரம் கட்டுவது! அதுதான் ஹெலிகாப்டர் பைலட்டுக்குக் கிடைக்காத வரம். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்க அதற்குத் தெரியும். ஆனால் எதுவுமே தெரியாத வெள்ளைக்குள், நிற்கிறோமா நகர்கிறோமா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

காது சொல்லும் பொய்

2022 ஜனவரி 14 அன்று விமானப்படை முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டது. எந்திரக் கோளாறு இல்லை. சதி இல்லை. அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியது, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, பைலட்டுக்கு திசை-நிலை உணர்வு குழம்பியது, அதனால் கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே நிலத்தில் மோதியது. இதுதான் சாரம்.

திசை-நிலை உணர்வுக் குழப்பம் என்றால் என்ன? சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். சுற்றி நின்ற பிறகும் உலகம் சுற்றும். காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் திரவம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். மெதுவாகச் சாய்ந்தால் அந்தத் திரவம் அசையவே அசையாது. சாய்ந்திருப்பதே தெரியாது. நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்ட மாதிரி இருக்கும்! வெளியே அடிவானம் தெரியும் வரை கண் இந்தப் பொய்யைத் திருத்திக்கொண்டே இருக்கும். மேகத்தில் கண் போய்விட்டால் காது ராஜா.

1954ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாதபடி செய்து பறக்கவிட்டார்கள். ஒருவர் மிச்சமில்லாமல் அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 வினாடி. மூன்று நிமிடம் கூட இல்லை.

விமானப்படை பைலட்டுகள் பயிற்சி பெற்றவர்கள்தான். மேகத்தில் மாட்டினால் காதை நம்பாதே, கருவியை நம்பு, நேராக்கு, மேலே ஏறு என்பது அவர்களுக்குப் பாலபாடம். அந்த நேரத்தில் ஆட்டோபைலட் நல்ல துணை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கண்ணால் பார்த்துப் பறப்பதிலிருந்து கருவியைப் பார்த்துப் பறப்பதற்கு மூளை மாற வேண்டும். அதற்குச் சில வினாடிகள் வேண்டும். சமவெளியில் அந்த வினாடிகள் கிடைக்கும். பள்ளத்தாக்கில் அந்த வினாடிகளின் மறுமுனையில் மரம் நிற்கிறது.

இரண்டு வார்த்தைகளின் விலை

இப்போது அந்தப் பட்டியலுக்கு வரலாம். 2022ல் ஒரு சங்கிலி இருந்தது: வானிலை மாற்றம், மேகம், குழப்பம், மோதல். 2024ல் அது இரண்டு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. மனிதத் தவறு. சங்கிலியின் கடைசி வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டார்கள். "அலட்சியம் இல்லை" என்று சொன்ன இடத்தில் "தவறு" என்ற சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. படிப்பவன் எதை எடுத்துக்கொள்வான்? தொலைக்காட்சியின் அடிவரியில் எது ஓடும்? பைலட்டின் வீட்டில் இருப்பவர்கள் காலம் பூராவும் எந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

பட்டியலில் ஒரு கட்டத்துக்குள் அவ்வளவுதான் எழுத முடியும் என்று வாதாடலாம். பைலட்டுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் "மனிதத் தவறு" என்று எழுதியவுடன் கோப்பு மூடிக்கொள்கிறதே, அதுதான் ஆபத்து. அந்த மனிதன் இறந்துவிட்டான். அவனைத் திருத்த முடியாது. அப்படியானால் அடுத்த விபத்தைத் தடுக்க எதைத் திருத்துவது?

உலகத்தில் மலை, மேகம், ஹெலிகாப்டர் மூன்றும் சேர்ந்த இடத்தையெல்லாம் பாருங்கள். 2011 ஏப்ரல் 30, தவாங்கிலிருந்து கிளம்பிய அருணாசல முதல்வர் தோர்ஜி காண்டு. 2020 ஜனவரி 26, கலிபோர்னியா மலையில் மேகத்துக்குள் போன கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவர் மகள் உட்பட 9 பேர். 2024 மே 19, ஈரான் அதிபர் ரய்சி. 2025 ஜூன் 15, கேதார்நாத்திலிருந்து பக்தர்களோடு திரும்பிய ஹெலிகாப்டர், 7 பேர். வேறு வேறு நாடு, வேறு வேறு ரகம், வேறு வேறு பைலட். இத்தனை பேரும் தனித்தனியாகத் "தவறு" செய்தார்கள் என்பது பதிலா? ஒரே பள்ளத்தில் பத்து பேர் விழுந்தால் பத்து பேருக்கும் கண் சரியில்லை என்பதா, பள்ளத்தை மூடுவதா?

இதற்கு நீலகிரியிலேயே பதில் இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பாதையைப் பாருங்கள். ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வழுக்கினால் அதோகதி. 1899ல் அந்தப் பாதையைத் திறந்தவர்கள் "டிரைவர் ஜாக்கிரதையாக ஓட்ட வேண்டும்" என்று போர்டு எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை பதித்தார்கள். எஞ்சினில் பல்சக்கரம் வைத்தார்கள். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேனை நிறுத்தினார்கள். மனிதன் வழுக்குவான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, வழுக்கினாலும் விழாதபடி பாதையைச் செய்தார்கள். மேகத்துக்குள் போகும் முன் அந்த ஹெலிகாப்டரைக் கடைசியாகப் படம் எடுத்தவர்கள் அதே ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்தவர்கள்தான். 122 வருடத்துக்கு முன் தரையில் செய்ததை ஆகாயத்தில் ஏன் செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

ஆகாயத்தில் பல் பதிக்க முடியுமா?

முடியும். சுவிட்சர்லாந்தில் மலை மீட்பு ஹெலிகாப்டர்களுக்காக, செயற்கைக்கோளை வைத்து மேகத்துக்குள்ளேயே போகும் தாழ்வான வழித்தடங்களை வகுத்திருக்கிறார்கள். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் எந்த உயரம் என்பது முன்பே அளந்து வைத்தது. அப்படி ஒரு தடம் இருந்தால் ஆட்டோபைலட்டும் பயனுள்ள பிராணி. அதற்குப் போக ஒரு பாதை கிடைத்துவிடுகிறதே! இந்தியாவுக்கு இது எட்டாத கனி இல்லை. 2023ல் நம் ககன் செயற்கைக்கோள் அமைப்பை வைத்து ஜுஹுவிலிருந்து புனேவுக்கு ஒரு ஹெலிகாப்டரை இப்படி ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஜுஹுவுக்கு முடிந்தது சூலூருக்கு முடியாதா?

அலாஸ்காவில் மலைக் கணவாய்களில் கேமரா வைத்து, கிளம்பும் முன்பே பைலட் வழியைத் தன் கண்ணால் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். 1990களின் கடைசியில் தொடங்கியது. நீலகிரிச் சரிவில் செல்போன் கோபுரங்களுக்குப் பஞ்சமா? கோபுரத்துக்கு ஒரு கேமரா வைக்க என்ன ராக்கெட் விஞ்ஞானம் வேண்டும்?

இதையெல்லாம் விட மலிவானது ஒன்று உண்டு. திரும்பி வருவதற்கு மரியாதை. சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு ரோட்டில் போனால் இரண்டு மூன்று மணி நேரம். "மேகம் சரியில்லை, கார் போடுங்கள்" என்று எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடமும் பைலட் தயங்காமல் சொல்லும்படியும், அப்படிச் சொன்னவருக்குப் பாராட்டுக் கடிதம் போகும்படியும் ஒரு விதி வேண்டும். இது வெலிங்டனுக்கு மட்டுமல்ல, கேதார்நாத்துக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, அறிக்கை. பயணிகள் விமான விபத்தென்றால் விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவது அல்ல, அடுத்த விபத்தைத் தடுப்பது என்பது சர்வதேச விதி. இறுதி அறிக்கை எல்லாரும் படிக்கும்படி வெளியாகிறது. ராணுவ விபத்தில் ஒரு பத்திச் செய்திக்குறிப்பு, பிறகு பட்டியலில் இரண்டு வார்த்தை. தேசப் பாதுகாப்பு என்பார்கள். ரகசியக் கருவிகளைக் கறுப்பு மையால் மறையுங்கள், யார் வேண்டாம் என்றது? அன்று குன்னூரில் மேகம் எத்தனை மணிக்கு இறங்கியது, அதை யார் யாரிடம் சொன்னார்கள், அந்த வழித்தடத்தில் இப்போது என்ன மாற்றியிருக்கிறார்கள் என்பதில் என்ன ராணுவ ரகசியம்? மேகத்தை நஞ்சப்பசத்திரம் பூராவும் பார்த்ததே!

அதனால் அடுத்த தடவை யாராவது "ஆட்டோபைலட் போட்டிருக்கலாமே" என்று ஆரம்பித்தால், அது மாட்டை விட அறிவு குறைந்தது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். யாராவது "பைலட் தவறாம்" என்று முடித்தால், அவருக்கு மேகத்துக்குள் ஒரு பாதை போட்டுக் கொடுத்திருந்தீர்களா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு டெல்லியிலிருந்து பதில் வரும் வரை குன்னூருக்கு மேலே பறக்கும் ஒவ்வொரு பைலட்டும் அதே மேகத்துக்குள்தான் போய் வந்துகொண்டிருப்பார்.